எஸ்எஸ்டி வேகம் பார்த்தால் தேயுமா? கடை மேசைக்கு வரும் கேள்விகள்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மாட்டிக் கொடுப்பதுதான் பாதி வேலை. மாட்டிக் கொடுத்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடும், ஸ்பீடு டெஸ்ட் முடிவோடு. அதற்குக் கீழே ஒரு கேள்வி. காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தாலும் பாலக்கோட்டிலிருந்து வந்தாலும் கேள்வி என்னவோ அதேதான். பதில் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். உள்ளே இருப்பது ஃபிளாஷ் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க மிக மெல்லிய ஒரு காப்புப் படலம் இருக்கிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் அந்தப் படலத்தின் வழியாக எலக்ட்ரான்களை அழுத்தித் தள்ளுகிறார்கள். தள்ளத் தள்ளப் படலம் கெட்டுப்போகிறது. இன்றைக்குக் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி வகை. மலிவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவுகளில் 4 பிட் வைக்கும் க்யூஎல்சியும் உண்டு, அது இன்னும் சீக்கிரம் களைத்துவிடும்.

எவ்வளவு எழுதலாம் என்பதை கம்பெனியே பெட்டியிலோ வலைத்தளத்திலோ டிபிடபிள்யூ என்று போட்டிருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி தருகிறோம் என்பதுதான் அதன் பொருள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி, கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு 80 டிபி. இது வாரண்டிக் கணக்கு, அந்த எண் வந்த நாளில் டிரைவ் செத்துவிடாது. 2013-இல் தொடங்கி 2015 வரை டெக் ரிப்போர்ட் என்ற வலைத்தளம் நடத்திய எழுத்துச் சோதனையில் சாம்சங் 840 ப்ரோ 256 ஜிபி 2 பீட்டாபைட்டை, அதாவது 2000 டிபியைத் தாண்டியும் ஓடியது. ஆனால் அது செல்லுக்கு 2 பிட் வைக்கும் பழைய எம்எல்சி. அதை நம்பி இன்றைய மலிவு டிரைவில் கண்டபடி எழுதாதீர்கள்.

வெறும் படிக்கிற டெஸ்ட் மட்டும் போட்டா தேயாதுதானே?

தேயாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே பகுதியைப் பல்லாயிரம் முறை படித்தால் பக்கத்துச் செல்கள் கொஞ்சம் கலங்கும். அப்போது டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் தானாகவே அந்தப் பகுதியை வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். வீட்டில் போடும் சோதனையில் அது கணக்கிலேயே வராது.

ஒரு சின்ன விஷயம். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற வேகம் அளக்கும் கருவிகள் படித்துப் பார்க்கவும் முதலில் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கும், அந்த அளவு எழுத்து நடக்கும். லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற கட்டளையைப் போட்டால் அதுவும் இல்லை, டிரைவில் இருப்பதை அப்படியே படித்துவிட்டு வேகத்தைச் சொல்லும்.

கிறிஸ்டல்டிஸ்க்மார்க்ல 1 ஜிபி, 5 தடவைன்னு இருக்கு. அப்போ 5 ஜிபிதானே எழுதும்?

பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1 ஜிபி என்பது கோப்பின் அளவு மட்டுமே. சோதனை ஓடுவது நேரக் கணக்கில்: ஒவ்வொரு சுற்றும் 5 வினாடி. அந்த 5 வினாடிக்குள் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை அதே கோப்பின் மேல் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும். 500 எம்பி வேகத்தில் 5 வினாடி என்றால் 2.5 ஜிபி, 5 சுற்றுக்கு 12.5 ஜிபி. இதுவும் ஒரே ஒரு வரிக்குத்தான். திரையில் நான்கு வரி இருக்கிறது.

நம்பாமல் கடையில் இருந்த 480 ஜிபி சாட்டா டிரைவில் பார்த்தேன். டிரைவின் ஆரோக்கியக் கணக்கைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் இதுவரை டிரைவில் எழுதிய மொத்த அளவை, எழுதி வைத்துக்கொண்டேன்: 6214 ஜிபி. சோதனையை எதையும் மாற்றாமல் ஒரு முறை ஓட்டினேன். திரும்பப் பார்த்தால் 6250. ஆக, 36 ஜிபி போயிருக்கிறது. சாட்டாவைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்ஈ வகை டிரைவில் இது இன்னும் ஏறும். அங்கே வினாடிக்கு 3000 எம்பி எழுதினால் முதல் வரிக்கு மட்டுமே 75 ஜிபி. டிரைவ் எவ்வளவு வேகமோ அவ்வளவு எழுதித் தள்ளும், வேடிக்கையான கணக்குதான்.

இதில் இன்னொன்றும் புரியும். கோப்பின் அளவை 1 ஜிபியிலிருந்து குறைத்து வைத்தால் தேய்மானம் பெரிதாகக் குறையாது. குறைக்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கையை. 5-ஐ 1 ஆக்கினால் எழுத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் டிரைவில் ஒரு சுற்று சொல்வதையும் ஐந்து சுற்று சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்போ ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் ஆயுசு குறையும்?

80 டிபிடபிள்யூ உள்ள டிரைவில் 36 ஜிபி என்பது 0.045 சதவீதம். வாரண்டி எழுத்தைத் தீர்க்க 2200 முறைக்கு மேல் அப்படியே ஓட்ட வேண்டும். ஆகவே ஒரு முறை போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். மாங்கூழ் ஆலை ஒன்றில் நான்கு கேமராவை ஒரு பழைய கம்ப்யூட்டரில் இணைத்து, 240 ஜிபி எஸ்எஸ்டியில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்றால் நான்குக்கும் சேர்த்து வினாடிக்கு 2 எம்பி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 172 ஜிபிக்கு மேல், வருஷத்துக்குச் சுமார் 63 டிபி. 80 டிபி வாரண்டி எழுத்து ஒண்ணேகால் வருஷத்தில் தீர்ந்துவிடும். அவர்கள் கேமராவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பையன் ஸ்பீடு டெஸ்ட் போட்டுவிட்டானே, கெட்டுப்போயிருக்குமா என்றுதான் போன் செய்தார்கள். கேமராவுக்கு ஹார்ட் டிஸ்க் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரிண்ணா, நீங்க எப்படி டெஸ்ட் பண்றீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

முதலில் ஆரோக்கியக் கணக்கைத் திறந்து மொத்த எழுத்து, ஓடிய மணி நேரம், வெப்பநிலை மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். இதற்கு ஒரு பைட்கூட எழுத்து கிடையாது. பாதி நேரம் இதிலேயே பதில் வந்துவிடும். பிறகு படிக்கும் சோதனை. எழுதும் வேகம் உண்மையிலேயே தெரிய வேண்டும் என்றால் மட்டும், சுற்றை 1 ஆக்கி, ஒரே ஒரு முறை. முடிந்ததும் மறுபடி ஒரு படம். இரண்டு படமும் வாடிக்கையாளர் பெயரோடு போனில் இருக்கும். ஆறு மாதம் கழித்து "ஸ்லோ ஆயிடுச்சு" என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

அதற்கு மேல் எதுவும் இல்லை. எண் குறைவாக வந்துவிட்டதே என்று மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை முறை போட்டாலும் குறைவாகத்தான் வரும்.

கடையில காட்டறப்போ 480 வந்துச்சு. வீட்டுல கல்யாண வீடியோ காப்பி பண்ணா 60-க்கு இறங்குது. ஏமாத்திட்டீங்களா?

ஊத்தங்கரையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் இப்படித்தான் கோபமாக வந்தார். ஏமாற்றவில்லை. வினாடிக்கு 480 எம்பி என்பதும் உண்மை, இந்த 60-உம் உண்மை.

மாம்பழ சீசனில் நம் பக்கத்துக் கூழ் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வரும் வண்டிகள் மடமடவென்று முற்றத்தில் பழத்தை இறக்கிவிட்டுப் போய்விடும். முற்றம் நிறைந்துவிட்டால் உள்ளே பழம் அரைபடும் வேகத்துக்குத்தான் அடுத்த வண்டி நகரும், ரோடு வரைக்கும் வரிசை நிற்கும். எஸ்எஸ்டியிலும் அப்படி ஒரு முற்றம் இருக்கிறது, அதை எஸ்எல்சி கேச் என்பார்கள். டிஎல்சி செல்லில் 3 பிட்டுக்குப் பதில் 1 பிட் மட்டும் வைத்து வேகமாக எழுதிக்கொள்ளும், ஓய்வு கிடைக்கும்போது உள்ளே ஒழுங்காக அடுக்கும். கடையில் ஒரே சுற்று போடும் சோதனை எழுதுவது சில ஜிபிதான், அது அந்த முற்றத்திலேயே முடிந்துவிடுகிறது. 90 ஜிபி கல்யாண வீடியோ முற்றத்தைத் தாண்டிவிடுகிறது. டிரைவ் நிறைய நிறைய முற்றமும் சுருங்கும், ஏனென்றால் பல டிரைவ்களில் காலி இடத்தைத்தான் முற்றமாகப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய டிரைவில் காலி இடம் 30 ஜிபிகூட மிச்சமில்லை.

அந்த முற்றம் எவ்வளவு பெருசுன்னு தேயாம தெரிஞ்சுக்க முடியுமா?

தேயாமல் முடியாது. ஆனால் வீணாக்காமல் முடியும். எப்படியும் காப்பி செய்யத்தான் போகிறீர்கள் என்ற ஒரு பெரிய வேலையையே சோதனையாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் காப்பி செய்யும்போது விவரத்தை விரித்தால் ஒரு பச்சை வரைபடம் ஓடும். அது உயரத்திலிருந்து சட்டென்று கீழே விழும் இடத்தில் எத்தனை ஜிபி போயிருக்கிறது என்று பாருங்கள், ஏறக்குறைய அதுதான் அளவு. முதல் சில ஜிபியை விண்டோஸ் தன் ராமில் வாங்கிக்கொள்ளும், அதனால் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கிருந்து காப்பி செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பென் டிரைவிலிருந்து எடுத்தால் வரைபடம் சொல்வது பென் டிரைவின் வேகத்தை. எஸ்எஸ்டியை வெளிப் பெட்டியில் போட்டு யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் 40 எம்பியைத் தாண்டுவதே அபூர்வம். அதைப் பார்த்துவிட்டு டிரைவ் கெட்டுப்போச்சு என்று வந்தவர்கள் நிறையப் பேர்.

டெஸ்ட் போட்டு முடிச்சதும் ஹெல்த் 100-லேர்ந்து 99 ஆயிடுச்சு சார்!

அந்த எண்ணில் புள்ளி கிடையாது. 100-க்கு அடுத்து 99தான், நடுவில் எதுவும் காட்டாது. மேலே சொன்ன 80 டிபி டிரைவில் 1 சதவீதம் என்றால் 800 ஜிபி. உங்கள் 36 ஜிபி அதைச் செய்யவில்லை. விண்டோஸ் போட்டது, டேலி காப்பி செய்தது, கேம் இறக்கியது எல்லாம் சேர்ந்து விளிம்புக்கு வந்திருந்தது, சோதனை கடைசியாக வந்து மாட்டிக்கொண்டது. சில கம்பெனிகள் டிபிடபிள்யூவை வைத்து இந்தச் சதவீதத்தைக் கணக்கிடாமல், செல்கள் எத்தனை முறை அழிக்கப்பட்டன என்பதை வைத்துக் கணக்கிடும். அதனால் இரண்டு கம்பெனி டிரைவ்களின் சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

ஹோஸ்ட் ரைட்ஸ் 36 ஜிபின்னா, உள்ளேயும் 36 ஜிபிதான் தேஞ்சிருக்குமா?

கேட்டவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவர். சரியான கேள்வி. பதில்: இல்லை, உள்ளே அதிகம். எஸ்எஸ்டியில் எழுதுவது பக்கம் எனப்படும் சின்னத் துண்டுகளாக, அழிப்பது பல எம்பி அளவுள்ள பெரிய பிளாக்காக. சின்னச் சின்னதாக அங்கங்கே எழுதினால், ஒரு பிளாக்கைக் காலி செய்ய அதில் உயிரோடு இருக்கும் மற்ற பக்கங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்த இடமாற்றமும் எழுத்துதான். முற்றத்தில் இறக்கியதை உள்ளே அடுக்குவதும் இன்னொரு எழுத்து.

ஆகவே ஒரே 10 ஜிபி என்றாலும், நீளமாக எழுதினால் குறைவான தேய்மானம், 4 கேபி துண்டுகளாகச் சிதறி எழுதினால் அதிகம். டிரைவ் நிறைந்திருந்தால் இன்னும் அதிகம். எழுதும் சோதனை போடுவதாக இருந்தால் காலி இடம் தாராளமாக இருக்கும்போது போடுங்கள். சில டிரைவ்கள் உள்ளே நடந்த எழுத்தையும் தனியாகக் காட்டும். அப்படிக் காட்டினால் அந்த எண்ணையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் முடிஞ்சதும் டீஃப்ராக் போடணுமா?

வேண்டாம். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் அது ஹார்ட் டிஸ்க் காலத்து வழக்கம், இங்கே வெறும் தேய்மானம். விண்டோஸில் ஆப்டிமைஸ் என்று இருப்பது எஸ்எஸ்டிக்கு டிரிம் கட்டளையைத்தான் அனுப்பும். எந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்வதுதான் டிரிம். வாரம் ஒரு முறை தானாகவே நடக்கும், விட்டுவிடுங்கள்.

காலையில 3000 வருது, மத்தியானம் 1200தான் வருது. டிரைவ்ல கோளாறா?

கேள்வி வந்தது ஏப்ரல் மாதம், தருமபுரியில், தகரக் கூரை போட்ட மாடி அறையிலிருந்து. லேப்டாப் மெத்தை மேல் இருந்தது. கேட்டதும் சிரித்துவிட்டேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ டிரைவ்கள் சூடானால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுதும் சோதனைதான் டிரைவை அதிகம் சூடாக்கும். 5 சுற்றில் முதல் சுற்றின் சூடே கடைசிச் சுற்றைக் கெடுத்துவிடும். சுற்றைக் குறைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். மேசையில் வைத்து, காலையில், ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

"எல்லாம் பூஜ்யம்"னு ஒரு ஆப்ஷன் இருக்கே, அதுல போட்டா கம்மியா தேயுமா?

சோதனைக் கோப்பை வெறும் பூஜ்யங்களால் நிரப்பும் ஆப்ஷன் அது. சில கன்ட்ரோலர்கள் தகவலைச் சுருக்கி எழுதும். பழைய சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்கள் அதற்குப் பேர்போனவை. அவற்றில் வெறும் பூஜ்யம் அனுப்பினால் உள்ளே எழுத்து குறையும், வேகமும் வானத்துக்குப் போகும். ஆனால் உங்கள் போட்டோவும் வீடியோவும் பூஜ்யம் இல்லையே. பொய்யான எண்ணைப் பார்ப்பதற்குச் சோதனை போடாமலே இருக்கலாம்.

ஆன்லைன்ல 1500 ரூபாய்க்கு 2 டிபி வாங்கினேன். முழுசா எழுதிப் பார்த்தா தேஞ்சிடுமே?

இந்த ஒரு இடத்தில் மட்டும் தயங்காமல் முழுசாக எழுதுங்கள். அந்த விலைக்கு 2 டிபி வராது. உள்ளே 64 ஜிபி சிப்பை ஒட்டி, 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ஸ்பீடு டெஸ்ட்டில் இது தெரியவே தெரியாது, 1 ஜிபி கோப்பு அந்த 64-க்குள் அழகாக உட்கார்ந்துவிடும். 64 தாண்டியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுத ஆரம்பிக்கும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டும் முழுக் கொள்ளளவையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நிஜமான 2 டிபியாக இருந்தால் ஒரு முறை முழுக்க எழுதியதாகக் கணக்கு, அதைத் தாங்காத டிரைவ் எதற்கு? போலியாக இருந்தால் திருப்பி அனுப்பும் தேதிக்குள் தெரிந்துவிடும்.

பழைய டிரைவ் வாங்கும்போது முறை வேறு. முதலில் ஆரோக்கியக் கணக்கு. ஓடிய நேரம் 9000 மணி, மொத்த எழுத்து வெறும் 200 ஜிபி என்று இருந்தால் நான் கையில் தொடமாட்டேன். கணக்கில் யாரோ கை வைத்திருக்கலாம்.

ரிவ்யூ பண்றவங்க டிரைவ் முழுக்க ரெண்டு தடவை எழுதிட்டுத்தான் டெஸ்ட்டே ஆரம்பிக்கிறாங்க. நாம அப்படிப் பண்ணலைன்னா தப்பான ரிசல்ட் வருமா?

அது எஸ்என்ஐஏ என்ற அமைப்பு வகுத்த முறை. கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு எழுதி, புது டிரைவின் பளபளப்பைப் போக்கிவிட்டு, நிலையான வேகத்துக்கு வந்த பிறகுதான் அளப்பார்கள். ராப்பகலாக எழுத்து ஓடும் சர்வருக்கு டிரைவ் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அது தேவை. நீங்கள் டேலியும் பிரவுசரும் ஓட்டுகிறீர்கள். உங்கள் டிரைவ் அந்த நிலைக்கு வரவே போவதில்லை, அதனால் அந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு லினக்ஸ்ல எஃப்ஐஓ போடணும். எதுல கவனமா இருக்கணும்ணா?

எஃப்ஐஓ என்பது டிரைவின் வேகத்தை அளக்கும் கருவி, நாம் சொன்னதை அப்படியே செய்யும். மூன்று விஷயம். படிக்கும் சோதனைக்கு ரீட்ஒன்லி என்ற பாதுகாப்பைப் போடு, தவறிக்கூட எழுதாது. எழுதும் சோதனைக்கு அளவும் நேரமும் இரண்டையும் கட்டிப்போடு. நேரத்தை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், முன்னே சொன்ன அதே கதைதான், திரும்பி வருவதற்குள் எத்தனை நூறு ஜிபி என்று தெரியாது. மூன்றாவது, எழுதும் இடமாகக் கோப்பின் பெயரைக் கொடு, டிரைவின் பெயரைக் கொடுக்காதே தம்பி.

மூன்றாவதை நான் பட்டுத்தான் கற்றேன். புதுசாக வாங்கிய டிரைவை அளக்கப் போய், பக்கத்து எழுத்தை அடித்து, இன்னொரு டிரைவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சிஸ்டம் திறந்து வைத்திருக்கும் டிரைவில் எழுத எஃப்ஐஓவின் புதிய பதிப்புகள் மறுத்துவிடும். என்னுடையது அன்றைக்கு மவுண்ட் ஆகியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் ஓடியது, அவ்வளவுதான். முதல் பகுதியிலிருந்து கடைசிவரை அங்கங்கே பொத்தல். ஒகேனக்கல் போன படங்கள், மகள் முதல் வருஷப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த டிரைவ் இன்னும் கடையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆரோக்கியம் 97 சதவீதம் காட்டுகிறது.